திரையில் சரியாகத் தெரிந்தால் போதாது: இந்திப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கிருதிதேவ் என்ற பழைய இந்தி எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு (எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் பொதுத் தரம்) மாற்றி, பெயர்ப் பட்டியல்களையும் நிலப் பதிவுகளையும் தரவுத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அச்செடுத்துப் பார்த்து, எழுத்து சரியாக இருக்கிறது என்று ஒப்பமிடும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கோளாறு.

சாலைக்கு இந்தியில் 'சடக்'. நடுவில் இருப்பது அடிப்புள்ளி வைத்த ட. யூனிகோடில் அதற்கு 2396 என்று தனி எண் உண்டு (எண்களைப் பதின்ம முறையில் தருகிறோம்). 2337 என்ற ட, அதையடுத்து 2364 என்ற நுக்தா (அந்த அடிப்புள்ளி) என இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில், முதல் வழியில் சொல் 9 பைட், இரண்டாவதில் 12 பைட். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு வடிவத்தைத் தட்டித் தேடினால் மற்றது அகப்படாது; ஒரே ஊர் பட்டியலில் இரண்டு ஊராக நிற்கும்.

தீர்வு என்எஃப்சி: ஒரே எழுத்தின் வெவ்வேறு எண் வரிசைகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடு முறை. பலர் இடறுவதும் இங்கேதான். சேர்த்து வைப்பதுதான் என்எஃப்சியின் வேலை என்று நம்பி, 2337-ஐயும் 2364-ஐயும் 2396 ஆக்கத் தாங்களே நிரல் எழுதிவிடுகிறார்கள். 2392 முதல் 2399 வரையுள்ள எட்டு எழுத்துகளும், சேர்க்கக் கூடாதவை என்ற விலக்குப் பட்டியலில் இருப்பவை; என்எஃப்சி அவற்றைப் பிரித்தே வைக்கும். நீங்கள் ஒட்டியதை அடுத்த மென்பொருள் பிரித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், நம் ன, ற, ழ ஆகியவற்றை இந்தி எழுத்தான நாகரியில் குறிக்க வைத்திருக்கும் 2345, 2353, 2356 மூன்றும் விலக்கில் இல்லை, ஒட்டியே நிற்கும். ஆகவே கையால் விதி எழுத வேண்டாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13-ஆம் பதிப்பு முதல் இதைச் செய்யும் நார்மலைஸ் செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. பைத்தானிலும் ஜாவாவிலும் உண்டு. பதிவு உள்ளே வரும்போதும், தேடுசொல் வரும்போதும், இரண்டு இடத்திலும் ஓட்டுங்கள்.

என்எஃப்சி எல்லாவற்றையும் திருத்தாது. நுக்தா மெய்யை ஒட்டியே வர வேண்டும். உயிர்க்குறிக்குப் பின்னால் அது விழுந்திருந்தால் அப்படியே கிடக்கும். என்எஃப்சிக்கு முன்பே அதை இடம் மாற்றியாக வேண்டும்.

கிருதிதேவ் கோப்பில் இருப்பது நாகரி அல்ல, ஆங்கில எழுத்துகளின் எண்கள். 'ஹிந்தி' என்பது எஃப், ஜி, யூ, என், எச் என்று கிடக்கும். அந்த எஃப்தான் குறில் இகரக் குறி. கண்ணில் படும் வரிசைப்படி முன்னால் நிற்கிறது. யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் போக வேண்டும். நம் கொம்புகளும் இப்படித்தான். கூட்டெழுத்து வந்தால் ஒரு மெய்யைத் தாண்டினால் போதாது. 'ஸ்திதி'யில் ஸ், த இரண்டையும் தாண்ட வேண்டும்.

அடுத்த மெய்யின் தலைமேல் ஏறும் ரகரம் இதற்கு நேரெதிர். பழைய கோப்பில் அது கடைசியில் இருக்கும், யூனிகோடில் மெய்க்கு முன்னால் வர வேண்டும். நகர்த்த மறந்தால் 'ஷர்மா' 'ஷமார்' ஆகிவிடுவார். ஒரே ஓர் இடம் மட்டும் முன்னால் நகர்த்தினாலும் தப்புதான். ஆகாரக் குறியையும் மகரத்தையும் சேர்த்துத் தாண்ட வேண்டும்.

8204, 8205 என்ற கண்காணா இணைப்புக் குறிகளைத் தேடலுக்கான நகலில் மட்டும் நீக்குங்கள். மூலத்தில் கைவைத்தால் கூட்டெழுத்தின் தோற்றம் மாறிவிடும்.

தரவுத்தளப் புலத்தின் அளவைப் பைட்டில் வைத்திருந்தால் 30 பைட்டில் 10 குறிகள்தான் அடங்கும். 'ஹிந்தி'க்கே 18 போய்விடும். குறுஞ்செய்தியிலும் ஆங்கிலத்தைப் போல 160 குறிகள் இல்லை, 70தான்.

ஏற்பு சோதனையில் சடக், ஸ்திதி, ஷர்மா மூன்றையும் சேருங்கள். அச்சுத்தாளைப் பார்க்காமல், ஒவ்வொன்றின் எண் வரிசையையும் வெளியே எடுத்து ஒப்பிட்ட பிறகே ஒப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
எழுத்துரு மாற்றப் பணியில் இருக்கும் சிலர்