வாசிப்பு வேறு, அரைகுறை நாடகம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நெறியாள்கை செய்த புதிய நாடகத்தின் வாசிப்பைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளிவந்த குறிப்பில், நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்யாமல் தாளைப் பார்த்தே படித்ததாகவும், போதிய ஒத்திகையின்றி மேடையேறிவிட்டதாகவும் எழுதப்பட்டிருந்தது. தாளைப் பார்த்துப் படித்தது உண்மைதான். ஆனால், நாங்கள் அழைத்ததே வாசிப்புக்குத்தான், அதாவது பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு படித்துக்காட்டும் நிகழ்வுக்குத்தான். அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தோம்.

குற்ற வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு வீடு திரும்பும் 16 வயதுச் சிறுவனையும், தன் கையைத் தானே கீறிக்கொள்ளும் அவன் தங்கையையும் பற்றிய கதை இது. வாசித்தவர்களும் ஏறத்தாழ அதே வயதினர். தங்கை தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் இடம் வந்ததும், அவளுக்காக வாசித்த மாணவி பிரதியை மூடி மடியில் வைத்துக்கொள்ள, மேடைக் குறிப்பை மட்டும் வேறொருவர், அதிலும் எதைக் கொண்டு, எப்படி என்ற விவரங்களை விட்டுவிட்டு, நிதானமாக வாசித்தார். தற்கொலையைச் சித்திரிக்கும்போது அதன் வழிமுறையை விரிவாகக் காட்டக் கூடாது என்று, திரையிலும் மேடையிலும் பணிபுரிவோருக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கையேடு வலியுறுத்துகிறது. இத்தகைய காட்சிக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. தங்கள் செய்தியாளர் 'உயிரில்லாத காட்சி' என்று குறிப்பிட்டது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்காம் காட்சியில் அந்தச் சிறுவன் தன் தாயிடம் ஒன்றரைப் பக்கத்துக்கு மனம்விட்டுப் பேசுவதாக எழுதப்பட்டிருந்தது. ஒத்திகையின்போதே, அதை வாசித்த பிளஸ் ஒன் மாணவன், "சார், எங்க வயசுல யாரும் அம்மாகிட்ட இவ்வளவு பேச மாட்டாங்க, 'ஒண்ணுமில்லம்மா'ன்னு எழுந்து போயிடுவாங்க" என்றான். அதை வெட்ட நாடகாசிரியருக்கு மனம் வரவில்லை. எனக்கும் அந்த வசனத்தின்மீது ஆசை இருந்தது. வாசிப்பன்று அரைப் பக்கம் தாண்டுவதற்குள் அரங்கில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அன்றிரவே ஒன்றரைப் பக்கத்தையும் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'ஒண்ணுமில்லம்மா' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார் நாடகாசிரியர். வசனம் மனப்பாடமாகி, ஆடை, அரங்கப்பொருள், ஒளி எல்லாம் அமைந்த பிறகு இப்படி அடிப்பதற்கு யாருக்கும் துணிவு வருவதில்லை. பிரதி இன்னும் கையில் தாளாக இருக்கும்போதே வாசித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

தாள் வைக்கும் ஸ்டாண்டுகள் இருவரின் முகத்தை மறைத்தன என்ற குறையை மட்டும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன். உயரத்தை நான் சரிபார்த்திருக்க வேண்டும்.

திருத்திய பிரதியை அடுத்த மாதம் மறுபடி வாசிக்கிறோம். தங்கள் செய்தியாளர் அவசியம் வர வேண்டும். அன்றும் எல்லோர் கையிலும் தாள் இருக்கும் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாடக நெறியாளர் ஒருவர்,
சென்னை.