ரயிலில் போனதற்கு விடுப்பைக் கழிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கரிம உமிழ்வைக் குறைப்பது பற்றித் துறைகளுக்கு வந்த சுற்றறிக்கையைப் படித்தோம். வளாகத்துக்குள் பைக் ஓட்டாதீர்கள், விடுதி அறையில் மின்விசிறியை அணையுங்கள், மரக்கன்று நடுங்கள் என்கிறது. செய்கிறோம். ஆனால் விமானப் பயணம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் துறை ஆய்வாளர் ஒருவர் டெல்லிக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போனார். உதவித்தொகை மாதக்கணக்கில் வராத நேரம். விமான டிக்கெட்டுக்கு முன்கூட்டியே போடக் கையில் பணமில்லாமல் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஏறினார். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். மேல் பெர்த்தில் குனிந்து உட்கார்ந்தே உரையைத் திருத்தி முடித்தார். திரும்பி வந்தபோது, கருத்தரங்கு நடந்த நாட்களுக்கு மட்டும் ஓ.டி. (பணியில் இருந்ததாகக் கணக்கு) கொடுத்து, ரயிலில் போன நாட்களை அலுவலகம் விடுப்பில் கழித்திருந்தது. விடுப்பு போதாததால் உதவித்தொகையிலும் பிடித்தம். அதே கருத்தரங்குக்கு விமானத்தில் போய்வந்த பேராசிரியருக்கு ஒரு நாளும் குறையவில்லை. அவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது. ரயிலில் போகிறவரைத் தண்டிக்கும் விதியை வைத்துக்கொண்டு எந்த உமிழ்வைக் குறைக்கப் போகிறோம்?

ரயில் பயண நாட்களைப் பணி நாட்களாகக் கணக்கிடுங்கள். இதுவே எங்கள் முதல் கோரிக்கை.

அடுத்தது, பெங்களூரு, கோவை போன்ற பக்கத்து ஊர்களுக்கு விமானக் கட்டணம் தருவதை நிறுத்துங்கள். வந்தே பாரத் நாலரை மணி நேரத்தில் பெங்களூரில் இறக்கிவிடுகிறது. மீனம்பாக்கத்தில் சோதனைக்குக் காத்திருந்து, பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கி, ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் விமானத்தில் மிச்சமான நேரம் கரைந்துவிடும். மேலேறும்போதுதான் விமானம் எரிபொருளை வேகமாகக் குடிக்கிறது. அதனால் குறுகிய பயணத்தில் கிலோமீட்டருக்கு ஆகும் உமிழ்வு இன்னும் அதிகம்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கும் புறத்தேர்வாளரை வடக்கிலிருந்து விமானத்தில் வரவழைக்கிறோம். அவருடைய தேதி கிடைக்காமல் ஆய்வாளர்கள் காத்துக் கிடக்கிறார்கள். 2020இல் பல்கலைக்கழக மானியக் குழுவே காணொளி வழியாகத் தேர்வை நடத்தலாம் என்றது. நடத்தினோம், பட்டங்களும் கொடுத்தோம். இன்று ஏன் கூடாது? சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகம் ஒவ்வொரு துறையையும் தன் விமானப் பயணத்துக்குத் தானே இலக்கு வைக்கச் சொன்னது. இங்கே எந்தத் துறை எவ்வளவு பறக்கிறது என்ற கணக்கையாவது வெளியிடக் கூடாதா?

எங்கள் விடுதியில் பலர் இதுவரை விமானம் ஏறியதே இல்லை. 2023 மிக்ஜாம் மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் அவர்கள். அன்று மீனம்பாக்கம் ஓடுதளத்தையே மூட வேண்டியிருந்தது. சிக்கனம் என்று வந்தால் மட்டும் எப்போதும் கீழிருந்தே தொடங்குகிறீர்கள்: விடுதி மின்சாரம், உணவகச் செலவு, ஆய்வாளர் உதவித்தொகை. இது எங்களை மிகவும் புண்படுத்துகிறது.

கோபத்தில் நீளமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில் நாட்களைப் பணி நாட்களாக்கும் தீர்மானத்தை அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அந்த ஆய்வாளரிடம் பிடித்த தொகையையும் கழித்த விடுப்பையும் அதற்கு முன்பே திருப்பித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வாளர்கள் சார்பில் ஒருவர்