ஆங்கிலப் பாடத்திட்டத்தை மாற்றக் கோரி மாலை வகுப்பு மாணவர்களின் மனு

அனுப்புநர்:
மாலை வகுப்பு மாணவ, மாணவியர்,
சமுதாயக் கல்லூரி,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மண்டல அலுவலகம்.

பொருள்: ஆங்கிலப் பாடத்திட்டத்தை மாற்றி அமைக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் முன்பு கொடுத்து, பதில் வராத எங்கள் மனுக்கள்.

ஐயா,

வணக்கம். எங்கள் கல்லூரி தாங்கள் அறியாத இடமல்ல. பெருமாநல்லூர் நால் ரோட்டைத் தாண்டும்போது தாங்கள் பார்க்கும் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள்தான் இங்கே மாலையில் படிக்கிறோம். மீண்டும் ஒருமுறை பணிவோடு தெரிவித்துக்கொள்வது:

1. எட்டாவதோடு நின்றவரும் பிளஸ் டூ முடித்தவரும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படிக்கிறோம். சேரும்போதே சின்னதாக ஒரு தேர்வு வைத்து இரண்டு பிரிவாகப் பிரிக்க வேண்டும். ஐரோப்பிய மொழித் தரவரிசையில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. நாங்கள் கேட்பது முதல் இரண்டு படிகளைத்தான்.

2. எங்களை வதைப்பது இதுதான். எங்கள் வகுப்பு மாணவி ஒருவர் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். ஷிப்மென்டுக்கு முன், சரக்கு வாங்கும் பையர் தரப்பில் வடக்கேயிருந்து ஒரு க்யூ.சி. (தரம் பார்ப்பவர்) வந்தார். எத்தனை பீஸ் எடுத்துப் பார்ப்பது, எத்தனை குறை வரை விடலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் பெட்டிகளைப் பிரித்துப் பீஸ்களை எடுத்து அளந்தார். கழுத்து ரிப்பை (இழுத்தால் நீளும் கழுத்துப் பட்டையை) இழுத்துப் பிடித்து டேப் வைத்தார். ரிப்பை இழுத்தால் அளவு கூடத்தானே செய்யும்? இழுக்காமல் தட்டையாக வைத்து அளக்க வேண்டும் என்று அளவு எழுதிய சார்ட்டிலேயே இருக்கிறது. டேபிளுக்கு எதிரே நின்ற இவருக்கும் அது தெரியும். ஆங்கிலத்தில் சொல்லத்தான் வாய் எழவில்லை. 'சார், சார்' என்று ரிப்பைத் தொட்டுக் காட்டினார். அவர் புரியாமல் அடுத்த பீசை எடுத்துவிட்டார். லாட் ஃபெயில், அதாவது மொத்தச் சரக்கும் தேறவில்லை. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வந்து பேசி, மறுபடி அளந்து லாரி ஏற்றுவதற்குள் விடிந்துவிட்டது. திட்டு வாங்கியது இவர். அடுத்து கம்பெனியில் க்யூ.சி. இடம் காலியானபோது இவர் பெயரை யாரும் எடுக்கவே இல்லை. இத்தனைக்கும் அந்த செமஸ்டரில் ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல் மார்க்! ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றச் சொன்னால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த மார்க்கை வைத்து என்னங்க செய்வது? நீங்களே சொல்லுங்கள்.

3. தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு. கைடில் உள்ள கட்டுரையை மனப்பாடம் செய்தால் பாஸ். பேசுவதற்கு ஒரு மார்க்காவது உண்டா? காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கு? மார்க் இல்லாததை யார் நடத்துவார்கள்? (ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்ததைத்தானே அவர்கள் நடத்த முடியும்.) 2022-இல் நான் முதல்வன் திட்டம் வந்தபோது பேச்சு ஆங்கிலமும் வேண்டும் என்று அரசே சொன்னது. அது எங்கள் வகுப்பு வாசல்வரை வராதா?

4. ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். அந்த அரை ஷிப்ட் கூலியை விட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறோம்.

கவிதையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதிப் பாடமாவது வேலைக்கு உதவட்டும்: மெஷர்மென்ட் சார்ட் படிப்பது, பையரின் கமென்டுக்குப் பதில் மெயில் எழுதுவது, போனில் பேசுவது, பி.எஃப். படிவம் நிரப்புவது. பேச்சுத் தேர்வுக்கும் மார்க் வேண்டும். பாடம் எழுதும் குழு உட்காருவதற்கு முன் எங்களில் சிலரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருமே வருவோம். பழைய சார்ட்டுகளைப் பையர் பெயரை மறைத்துவிட்டு நாங்களே கொண்டுவருகிறோம்.

அடுத்த சேர்க்கைக்கு முன் பாடத்திட்டத்தை மாற்ற ஆவன செய்யுமாறு மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். 'மனு பெறப்பட்டது' என்ற சீட்டு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த முறை பதில் வேண்டும் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாலை வகுப்பு மாணவ, மாணவியர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)