2018 நத்தாரில் (கிறிஸ்மஸில்) எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளே,

மார்கழி (டிசம்பர்) 21ஆம் திகதி இரவு பெய்த மழையைப் பற்றியும், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்ததைப் பற்றியும் வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் விடிவதற்குள் வெள்ளக்காடாகிவிட்டது. கொஞ்சம் முன்கூட்டித் தெரிந்திருந்தால் மாடுகளையாவது அவிழ்த்து விட்டிருப்போம். அதைப் பேச வேறு இடம் உண்டு. கிணறு இறைத்து, சேறு வழித்து, வீட்டுக்குள் திரும்ப அடுப்பு மூட்டிய பிறகு இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி இருட்டோடு வந்த தம்பிமாருக்கு. மாமியைக் கதிரையோடு தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினீர்கள். இயந்திரம் நின்றுவிடும் என்று தெரிந்தும் அடுத்த வீட்டுக்குத் திரும்பவும் போனீர்கள். உங்கள் வீட்டுக்குள்ளும் அப்போது தண்ணீர் வந்துகொண்டிருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

அம்மன் கோயில் ஐயாவுக்கும் அடியார்களுக்கும் என்ன சொல்வது? உங்களுக்குத் திருவெம்பாவைப் பூசை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வேலைகளுக்கு நடுவே கோயில் கிடாரத்தை நாங்கள் தங்கியிருந்த பாடசாலைக்குக் கொண்டுவந்து, சோறும் பருப்பும் சமைத்து, யார் எந்தச் சமயம் என்று கேட்காமல் பரிமாறினீர்கள். நத்தாருக்குப் பிள்ளைகள் வெறும் பாணோடு இருக்கக் கூடாதென்று சர்க்கரைப் பொங்கலும் பொங்கித் தந்தீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து உணவுப் பொதிகளோடு வந்த இளைஞர்கள், தெற்கிலிருந்து லொறியில் பாயும் பெட்சீட்டும் அனுப்பியவர்கள், குழந்தைகளுக்குப் பால்மாவும் பெண்களுக்குத் தேவையானதும் கேட்காமலே கொண்டுவந்த அக்காமார், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய சொந்தங்கள், எல்லோருக்கும் நன்றி.

இனி எங்கள் பங்குத்தந்தைக்கு. ஃபாதர், 24ஆம் திகதி இரவு திருப்பலிப் பொருட்களை உரப்பைக்குள் சுற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தீர்கள். வகுப்பறை மேசை பீடமானது. குடில் இல்லை, சோடனை இல்லை, புது உடுப்பு இல்லை. இயேசு பிறந்தபோது விடுதியில் இடம் கிடைக்காத கதையை நீங்கள் வாசித்தபோது ஒரு பிள்ளைகூட அசையவில்லை.

அதே நற்செய்தியை 2009 நத்தாரில், போர் முடிந்து நாங்கள் இருந்த செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்து கேட்டேன். அன்று என் காதில் ஏறவில்லை. கேட்கிற நிலையிலா இருந்தோம்? இந்த முறை ஒவ்வொரு வரியும் உள்ளே போனது. எங்கேயோ இருந்த அரசன் போட்ட கட்டளைக்காக, பெயர் பதிய, நிறைமாதப் பெண் ஊர்விட்டு ஊர் போகிறாள். பதிவு என்றால் என்ன, வரிசை என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிறகு ஏரோது மன்னனுக்குப் பயந்து, பச்சைக் குழந்தையோடு எகிப்துக்கு ஓட்டம். ஆண்டவர் எங்களைப் பார்க்க வந்த இடம் இதுதான். வெள்ளம் வராது, போர் வராது என்று பெத்லகேமில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இடமில்லாதவர்களோடு அவர் இருந்தார், இருக்கிறார். என் நம்பிக்கை அதில்தான் நிற்கிறது.

வானதூதர் சொன்ன செய்தி முதலில் போனது, வயலில் இரவு விழித்துக் காவல் இருந்த இடையர்களிடம். அந்த வசனம் வந்தபோது என் கண் தானாகவே வாசற்பக்கம் போனது. கடைசி வீட்டையும் பார்த்துவிட்டு வந்த தம்பிமார் நனைந்த உடுப்போடு அங்கே நின்றார்கள். அவர்களில் பாதிப்பேர் சைவப் பிள்ளைகள். அவர்கள் வழியாகத்தான் கடவுள் எங்களிடம் வந்தார் என்று மனதார நம்புகிறேன். அவர்களுக்கு முன்னாலும் இதைச் சொன்னேன்.

கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்தில் நின்ற நெல் அழுகிப்போனது. இந்தக் காலபோகம், மாரிக்கால நெல் விளைச்சல், எங்களுக்கு இல்லை. கடன் இருக்கிறது, நட்டஈட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். சரி, பார்ப்போம். பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கித் தந்தவர்களால் தவணை தொடங்கிய அன்றே பள்ளிக்கூடம் அனுப்ப முடிந்தது.

வருகிற ஞாயிறு காலைத் திருப்பலியை உங்கள் எல்லோருக்காகவும் ஒப்புக்கொடுக்கிறோம். முடிந்ததும் ஆலய வளவில் தேநீர் உண்டு, கட்டாயம் வாருங்கள். கோயில் கிடாரம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, ஐயா. பொங்கலுக்கு முன் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தருவோம்.

அன்புடன்,
கண்டாவளைப் பக்கத்துப் பங்குக் குடும்பங்கள் சார்பில்
ஒரு தாய்