காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

புற்றுநோய்க்கான முதல் கீமோதெரபி குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை முடி உதிர்வதையும் குமட்டலையும் விரிவாக விளக்கியது. காய்ச்சலுக்கு ஒரே வரிதான். உயிரைப் பறிக்கக்கூடியது அந்தக் காய்ச்சலுக்குப் பின்னால் இருக்கும் தொற்றுதான். பெரும்பாலான மருந்துகளில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் எனும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போனால் சீழ் கட்டாது, புண்கூடச் சரியாகச் சிவக்காது. பல நேரங்களில் காய்ச்சல் மட்டுமே தொற்றைக் காட்டிக்கொடுக்கும். எனவே 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலே, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ரத்த மாதிரி எடுத்ததும், முடிவுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி தொடங்குவதே முறை.

கீமோ வார்டில் திரும்பத் திரும்பக் காணும் தவறு, வெப்பநிலையைப் பார்க்காமலே பாராசிட்டமால் கொடுப்பது. சூடு தணிகிறது, தொற்று தணிவதில்லை. ரத்த அழுத்தம் சரிந்த பிறகுதான் அழைத்து வருகிறார்கள். முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, ஆபத்தான நாட்களின் தேதிகள், 38 டிகிரி வரம்பு, இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண், கொடுக்கப்பட்ட மருந்துகளின் பெயர் ஆகியவை கொண்ட அட்டையையும் ஒரு டிஜிட்டல் வெப்பமானியையும் மருத்துவமனைகள் கையில் கொடுக்கலாம். அவசரப் பிரிவில் அந்த அட்டையைக் கண்டதும் வரிசையில் நிறுத்தாமல் உள்ளே அனுமதிக்கவும் உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர்