எந்த ஆண்டு கட்-ஆஃப்? எந்தச் சுற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் 2 முடிவு வந்த கையோடு பொறியியல் கலந்தாய்வுக்கான வழிகாட்டி நூல்கள் கடைகளில் வந்து குவிகின்றன. பெற்றோர் பலர் அட்டையையும் கனத்தையும் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். இந்த நூல்களில் பாதிக்கு மேல் கட்-ஆஃப் அட்டவணைதான், அதாவது ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் பட்டியல். அது எந்த ஆண்டுக்குரியது, எந்தச் சுற்று வரை எடுத்தது, எங்கிருந்து எடுத்தது என்ற மூன்று விவரமும் அட்டவணையின் தலையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். அவை இல்லாத நூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கட்-ஆஃப் கணக்கு எளிது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. கணிதத்தில் 95, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்தவருக்கு 95 + 44 + 45 = 184. ஆனால் இடம் கிடைப்பது மதிப்பெண்ணால் அல்ல, தரவரிசையால். கணித வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் அதே 184 பல ஆயிரம் இடம் பின்னால் போய்விடும். எனவே வகுப்புவாரி (சமூக ஒதுக்கீட்டுப் பிரிவுவாரி) கடைசித் தரவரிசை எண்ணைத் தரும் நூலே உருப்படியானது. மதிப்பெண் மட்டும் தரும் நூல் இரண்டாம் பட்சம். 'சராசரி கட்-ஆஃப்' என்று ஒரே எண்ணைப் போடும் நூலால் எந்தப் பயனும் இல்லை. ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் வேண்டும். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. அந்த எண்களைப் பொதுப் பட்டியலோடு கலந்துவிட்டால் இரு தரப்புக்கும் தவறான கணக்கே கிடைக்கும்.

சுற்று விவரம் இல்லாததால் வரும் கேடு இன்னும் பெரியது. ஒரு கல்லூரியின் மின்னணுவியல் பிரிவு பொதுக் கலந்தாய்வில் 170-லேயே நிரம்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் பெற்றவர்களில் ஒருவர் மருத்துவத்துக்குப் போய்விட, அந்தக் காலியிடம் பின்னர் நடக்கும் துணைக் கலந்தாய்வில் 110 எடுத்தவருக்குப் போகிறது. நூலில் 'குறைந்தபட்சம் 110' என்று அச்சாகிறது. 125 எடுத்த மாணவர் அதை நம்பி, இதே மாதிரி பத்துக் கல்லூரிகளை மட்டும் விருப்பப் பட்டியலில் நிரப்பினால் அந்தச் சுற்றில் அவருக்கு எதுவும் கிடைக்காது. எத்தனை கல்லூரிகளை நிரப்பலாம் என்பதற்கு உச்ச வரம்பே கிடையாது. மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஒதுக்கீடு செய்கிறார்கள், ஆகவே பெரிய கல்லூரியை முதலில் எழுதுவதால் நட்டமில்லை. பட்டியலைச் சீக்கிரம் முடித்துக்கொள்வதுதான் நட்டம். 'பதினைந்து போதும்' என்று சொல்லும் நூலை நம்ப வேண்டாம்.

மூன்று ஆண்டு எண்களாவது பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் போக்கு தெரியும். அதிலும் 2021-ஐத் தள்ளிவிட வேண்டும். கொரோனாவால் அந்த ஆண்டு பொதுத்தேர்வே நடக்கவில்லை, முந்தைய வகுப்பு மதிப்பெண்களை வைத்துக் கணக்கிட்டார்கள். தகுதியுள்ள கல்லூரிகளுக்கு ஒரு பாடப்பிரிவில் இருந்த இட வரம்பை ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2024-25-இல் நீக்கிவிட்டது. கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்கள் கூடிய கல்லூரிகளுக்குப் பழைய கடைசித் தரவரிசை அப்படியே பொருந்தாது. நூல் அச்சாகும்போது புதிய இட எண்ணிக்கை பெரும்பாலும் முடிவாகியிருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடையிலேயே ஐந்து நிமிடத்தில் ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு கல்லூரியை, பெயரை வைத்து அல்ல, கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் இது முக்கியம். ஒரு பிரிவின் எண்களைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கலந்தாய்வு இணையதளத்தில் இருக்கும் முந்தைய ஆண்டு விவரத்தோடு கைப்பேசியிலேயே ஒப்பிடுங்கள். இரண்டு எண் தவறினால் மற்றவையும் சந்தேகத்துக்குரியவையே. வண்ணப் பக்க விளம்பரம் கொடுத்த கல்லூரிகளே 'சிறந்த கல்லூரிகள்' பட்டியலிலும் வருகின்றனவா என்று பாருங்கள்.

தரச் சான்றில் நூல்கள் அடிக்கடி குழப்புகின்றன. நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு) தரும் தரம் கல்லூரி முழுமைக்கும் உரியது, என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பாடப்பிரிவுக்கு உரியது. 'என்.பி.ஏ. பெற்ற கல்லூரி' என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்கள் சேரும் பிரிவுக்கு அது இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் காலாவதி தேதி உண்டு, அதையும் நூல் தர வேண்டும். தேர்ச்சி விழுக்காடும் அப்படித்தான். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வின் தேர்ச்சியையும், தன்னாட்சிக் கல்லூரி தானே வினாத்தாள் எடுத்து, தானே திருத்தும் தேர்வின் தேர்ச்சியையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது பிழை.

'நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு' என்ற வரியைக் கண்டால் எத்தனை பேரில் என்று கேளுங்கள். அரியர் இல்லாமல், நிறுவனங்கள் கேட்கும் மதிப்பெண்ணோடு பதிவு செய்தவர்களை மட்டும் எண்ணுவது வழக்கமாகிவிட்டது. ஒருவருக்கு வந்த மூன்று பணி ஆணைகள் மூன்றாகக் கணக்கில் ஏறுவதும் உண்டு. உயர்ந்தபட்சச் சம்பளம் ஒரே ஒருவருடையது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்வி நிறுவனத் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள் அனுப்பிய விவரம் அவற்றின் இணையதளத்திலேயே இருக்கும். படிப்பை முடித்தோர், வேலை பெற்றோர், மேற்படிப்புக்குச் சென்றோர், இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளம்) நான்கும் அதில் உண்டு. இந்த நான்கையும் எடுத்துப் போட்டிருக்கும் நூலுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம்.

தங்கள் நாளிதழிலும் கலந்தாய்வுக் காலத்தில் கட்-ஆஃப் அட்டவணைகள் வருகின்றன. கிராமப்புறப் பெற்றோர் பலருக்கு அதுதான் ஒரே வழிகாட்டி. அட்டவணையின் கீழ் ஆண்டு, சுற்று, ஆதாரம் மூன்றையும் ஒரு வரியில் அச்சிட்டு, மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே வகுப்புவாரித் தரவரிசையையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு ஆசிரியர் ஒருவர்