சிறு நகரத்தின் இன அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு பக்கம்: கணக்கெடுப்புப் பணியகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, படிவத்தை நிரப்பும் முறையை விளக்கும் கையேட்டை ஆங்கிலம் தவிர 59 மொழிகளில் வெளியிட்டீர்கள். அவற்றுள் தமிழும் ஒன்று. அந்தத் துணிவில்தான் இம்மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு சிறு நகரத்தில் வெள்ளையர் இத்தனை விழுக்காடு, கறுப்பினத்தவர் இத்தனை, ஆசியர் இத்தனை என்று நீங்கள் வெளியிடும் அட்டவணையோடு, அந்த எண்கள் எப்படி உருவாயின என்பதை அந்நகரத்துக்கே பொருத்திச் சொல்லும் ஒரு பக்கத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராமிக் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ முழுவதும் டெட்ராய்ட்டால் சூழப்பட்ட, சுமார் இரண்டு சதுர மைல் பரப்பே உள்ள ஊர் அது. 2010இல் 22,423 பேரும் 2020இல் 28,433 பேரும் அங்கே வாழ்ந்ததாக உங்கள் கணக்கு சொல்கிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டாட்ஜ் கார் தொழிற்சாலையை நம்பி வந்து குடியேறிய போலந்து மக்களின் ஊராகவே அது நெடுங்காலம் அறியப்பட்டது. பின்னர் ஏமனியரும் வங்கதேசத்தவரும் பெருமளவில் வந்தார்கள். 2021 தேர்தலுக்குப் பின் நகர மன்றத்தின் எல்லா இடங்களும் முஸ்லிம்களிடமே வந்தபோது நாடே அவ்வூரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் 2010ஆம் ஆண்டுக்கான உங்கள் அட்டவணையைத் திறந்தால், அவ்வூர் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ‘வெள்ளையர்’ என்றுதான் இருக்கிறது. அட்டவணையில் பிழை ஏதும் இல்லை. 1997ஆம் ஆண்டின் வகைப்பாட்டு விதிப்படி ஐரோப்பா, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா ஆகியவற்றைப் பூர்வீகமாகக் கொண்டோர் எல்லோரும் வெள்ளையர். ஆகவே ஞாயிறன்று தேவாலயம் செல்லும் போலந்துப் பாட்டியும் ஏமனிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆன கடைக்காரரும் ஒரே வரிசையில் எண்ணப்பட்டார்கள். அவ்வூரின் வரலாற்றில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஓசையின்றி அடங்கிவிட்டது.

இதைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. வாக்குரிமைச் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி எந்த ஊரில் எந்த மொழியில் வாக்குச்சீட்டு தர வேண்டும் என்பதை உங்கள் தரவுகளைக் கொண்டு உங்கள் இயக்குநரே தீர்மானிக்கிறார். அந்தப் பிரிவு ஆசிய அமெரிக்கர், அமெரிக்கப் பூர்வகுடியினர், அலாஸ்காப் பூர்வகுடியினர், ஸ்பானிய மரபினர் ஆகியோரின் மொழிகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. எனவே ஹாம்ட்ராமிக்கில் வங்கமொழி வாக்குச்சீட்டுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் கட்டாயம் உண்டு. அதே தெருவில் பேசப்படும் அரபிக்கு அது இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரில் ஒருவருக்குக் கிடைக்கும் உரிமை மற்றவருக்குக் கிடைக்காமல் போவதற்கு ஒரு வகைப்பாடுதான் அடிப்படை. அந்தச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம்தான், நீங்கள் அல்ல என்பதை அறிவேன். எனினும் அவ்வூர் அட்டவணையைப் படிப்பவருக்கு இதைச் சொல்லும் கடமை உங்களுடையது.

இந்தியத் துணைக்கண்டத்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1920 முதல் 1940 வரையிலான கணக்கெடுப்புகளில் எங்கள் முன்னோர் ‘ஹிந்து’ என்ற இனத்தில் எழுதப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்களாகவும் கணிசமானோர் முஸ்லிம்களாகவும் இருந்தது யாரையும் உறுத்தவில்லை. 1923இல், குடியுரிமை கேட்ட சீக்கியரான பகத் சிங் திந்தின் வழக்கில், குடியுரிமை பெறத்தக்க வெள்ளையர் அல்லர் இவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ அதே மக்கள் வெள்ளையராக வகைப்படுத்தப்பட்டார்கள். இந்தியர் அமைப்புகள் வற்புறுத்திய பிறகு 1980இல் ‘ஆசிய இந்தியர்’ என்ற கட்டம் வந்தது. அறுபது ஆண்டுகளுக்குள் ஒரு குடும்பம் நகராமல் ஒரே வீட்டில் இருந்துகொண்டே மூன்று இனங்களாக மாறியிருக்கக்கூடும்!

இன்றும் தமிழர் என்று குறிக்கத் தனிக் கட்டம் எதுவும் இல்லை. அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சிறு நகரத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் ஆசிய இந்தியர் என்ற கட்டத்தைக் குறிக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் ‘பிற ஆசியர்’ என்பதன் கீழ் இலங்கையர் என்று எழுதுகிறார். ஈப்போவிலிருந்து வந்தவர் மலேசியர் என்று எழுதுவதா, இந்தியர் என்று குறிப்பதா என்று யோசித்து, இரண்டில் ஒன்றைச் செய்கிறார். பொங்கலன்று ஒரே வீட்டில் கூடும் இவர்கள் உங்கள் அட்டவணையில் ஒன்றாகக் கூடுவதில்லை. ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் அமெரிக்கச் சமூக ஆய்வில் மொழி பற்றிய கேள்வி உண்டு. அதன் விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரியும் உண்டு. ஆனால் அது மாதிரிக் கணிப்பு. 65,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துத்தான் எதையும் சொல்ல முடிகிறது. அப்போதும் சில நேரங்களில் எண்ணைவிடப் பிழை வரம்பு பெரிதாக இருக்கிறது.

பத்தாண்டுக் கணக்கெடுப்பில் வெளியாவதும் சிறு ஊர்களுக்கு வந்தால் துல்லியமான எண்ணிக்கை அல்ல. 2020இல் தனிநபர் அடையாளம் வெளிப்படாமல் காக்க டிஃபரன்ஷியல் பிரைவசி என்ற முறையைக் கொண்டுவந்தீர்கள். மாநிலங்களின் மொத்த மக்கள்தொகையை உள்ளபடியே வைத்துவிட்டு, அதற்குக் கீழான பெரும்பாலான எண்களில் வேண்டுமென்றே சிறு கூட்டல் கழித்தல்களைச் செய்தீர்கள். அதற்கான காரணத்தை ஏற்கிறேன். ஊரில் ஒரே ஒரு பூர்வகுடிக் குடும்பம் இருந்தால், அட்டவணையே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஓர் ஊரில் ஒரு பிரிவினர் ‘5 பேர்’ என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கும் ஆசிரியரோ செய்தியாளரோ, உண்மையில் அது இரண்டாகவோ ஒன்பதாகவோ இருக்கலாம் என்பதை எப்படி அறிவார்? விளக்கங்கள் உங்கள் தொழில்நுட்ப ஆவணங்களில் இருக்கின்றன. அட்டவணையின் அருகில் இல்லை.

சிறைச்சாலை உள்ள ஊர்களின் நிலை இதைவிட விந்தையானது. கைதிகளை அவர்கள் அடைபட்டிருக்கும் இடத்தில்தான் எண்ணுகிறீர்கள். ஐயோவா மாநிலத்தின் அனமோசா நகரில் ஒரு வார்டில் இருந்தவர்களில் சுமார் 1,300 பேர் கைதிகள். மற்றவர்கள் 60 பேர்கூட இல்லை. 2005இல் அந்த வார்டின் மன்ற உறுப்பினர் இரண்டே வாக்குகளில் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் அந்நகரம் வார்டு வாரியாகத் தேர்ந்தெடுக்கும் முறையையே கைவிட்டது. வாக்குகளைப் பற்றிப் பலரும் பேசினார்கள். இன அட்டவணையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஐயோவாச் சிறைகளில் கறுப்பினத்தவரின் விகிதம் மாநில மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள விகிதத்தைவிடப் பல மடங்கு அதிகம். இத்தகைய ஊரின் பன்மைத்தன்மை என்று உங்கள் அட்டவணை காட்டுவதில் ஒரு பகுதி, அவ்வூர்ப் பள்ளியிலும் கடையிலும் ஒருபோதும் கால்வைக்காதவர்களுடையது. சிறைவாசிகளைத் தனியே பிரித்துக் காட்டும் தரவு உங்களிடம் இருக்கிறது. அதை இன அட்டவணைக்குக் கீழேயே ஒரு வரியாக அச்சிடுவதில் என்ன தடை?

பத்தாண்டு ஒப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இரண்டு அல்லது மேற்பட்ட இனங்கள்’ என்று பதிவானோர் நாடெங்கும் 2010இல் சுமார் 90 லட்சம்; 2020இல் 3 கோடியே 38 லட்சம். பத்தாண்டுகளில் இவ்வளவு கலப்புக் குழந்தைகள் பிறந்துவிடவில்லை. கேள்வியின் வடிவம் மாறியது. கையால் எழுதப்பட்ட விடையில் முதல் 30 எழுத்துகளைப் படித்தவர்கள் 200 எழுத்துகள் வரை படிக்கத் தொடங்கினீர்கள். அவ்விடைக்கு இனத்தைக் குறிக்கும் இரண்டு குறியீடுகளுக்குப் பதில் ஆறு வரை கொடுத்தீர்கள். மாற்றத்தில் பெரும்பங்கு இதனால் வந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். ஆயினும் சிறு ஊர்களின் செய்தித்தாள்களில் அது ஊர் மாறிவிட்ட கதையாகவே வெளிவந்தது. சிலர் அதைக் கொண்டாடினார்கள், சிலர் அஞ்சினார்கள்.

இதே குழப்பம் இன்னும் பெரிதாக வரக் காத்திருக்கிறது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட வகைப்பாட்டு விதி, இனத்தையும் ஸ்பானிய மரபையும் ஒரே கேள்வியாக்கி, மத்திய கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்கர் என்ற தனி வகையை ஏற்படுத்தியது. அது 2030 படிவத்தில் நடைமுறைக்கு வந்தால், ஹாம்ட்ராமிக்கில் ஒருவர்கூட வீடு மாறாமலே வெள்ளையர் விகிதம் சரிந்ததாக அட்டவணை காட்டும். ‘வெள்ளையர் வெளியேறினர்’ என்ற தலைப்பு அன்றே எழுதப்பட்டுவிடும். 2000இல் ஒருவர் பல இனங்களைக் குறிக்கலாம் என்ற மாற்றம் வந்தபோது, பழைய வகைகளோடு ஒப்பிட உதவும் இணைப்பு மதிப்பீடுகளைத் தேசியச் சுகாதாரப் புள்ளியியல் மையத்தோடு சேர்ந்து தயாரித்தீர்கள். அந்த முன்மாதிரி இருக்கிறது. 2020 படிவத்தில் வெள்ளையர் கட்டத்தின் கீழும் பூர்வீகத்தை எழுத இடம் விட்டிருந்தீர்கள், மக்கள் எழுதினார்கள், அந்த விடைகளும் உங்களிடம் இருக்கின்றன. எனவே 2030 எண்கள் வெளிவரும் அதே நாளில், ஒவ்வொரு சிறு நகரத்துக்கும் 2020 எண்களைப் புதிய வகைகளின்படி மாற்றிப் பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாதம் கழித்து வந்தால் அதை யாரும் படிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் படிவத்தில் ‘ஆசிய இந்தியர்’ என்ற கட்டத்தைக் குறித்த ஒரு தமிழர்